எஸ்.எஸ்.டி. வாங்குவோர் அறிய வேண்டியவை: வேகமும் காப்பும்

இம்மலரில் நான் வழக்கமாக எழுதுவது கல்வெட்டும் ஏடும் பற்றித்தான். இம்முறை கணிப்பொறியின் ஓர் உறுப்பைப் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்து அன்பர்கள் பலர் ஊர்க் கோயில் படங்களையும், தாத்தா கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகங்களையும், கிடைத்தற்கரிய பழைய நூல்களையும் ஸ்கேன் செய்து கணிப்பொறியில் சேர்த்து வருகிறார்கள். அதற்கென்று வீட்டிலேயே கணிப்பொறியை அசெம்பிள் செய்துகொள்வோரும் உண்டு. அடியேனும் அவர்களில் ஒருவன். மும்பையில் அரிசி வியாபாரம் செய்பவன். கணிப்பொறியை எந்தக் கல்லூரியிலும் படித்தவனல்லன். புத்தகம் பார்த்தும், லேமிங்டன் சாலைக் கடைகளில் நின்று கேட்டும் கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

அசெம்பிள் செய்வோர் அதிகம் குழம்புவது எஸ்.எஸ்.டி. வாங்கும் இடத்தில்தான். ஒரே கொள்ளளவு, ஒரே அளவுப் பெட்டி, ஆனால் ஒன்றின் விலை மற்றொன்றைப்போல் இருமடங்கு. எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பதைக் காண்போம்.

சுழலும் தட்டும் சுழலாத சில்லும்

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்ற கணிப்பொறியுடன் முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். அத்தனையிலும் சேர்த்து 50 லட்சம் எழுத்துகள்தாம் அடங்கின. தட்டுச் சுழல, ஒரு முள் நகர்ந்து நகர்ந்து படிக்கும் அந்தத் தத்துவமே இன்றைய ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும். வேண்டிய தகவல் முள்ளுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அதில் பாதி. முள் இடம்பெயரும் நேரத்தையும் கூட்டினால் ஒரு தகவலைத் தேடிப் பிடிக்க ஏறத்தாழ 12 மில்லிநொடி. அதாவது நொடிக்கு எண்பது தேடல்தான்.

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதற்கு ஒன்றுமில்லை. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா 1987-இல் உலகறியச் செய்த நாண்ட் ஃபிளாஷ் என்ற நினைவகச் சில்லுதான் அதன் உயிர். நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தி வைப்பதே தகவலைச் சேமிப்பது. எந்த அறையையும் நேரே போய்ப் படிக்கலாம். ஒரு தேடலுக்கு ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கு மேல் வேகம். பழைய கணிப்பொறியில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சாதாரண எஸ்.எஸ்.டி. போட்டாலே புதுசு மாதிரி ஓடுவதன் ரகசியம் இதுதான்.

பெட்டியின் மேல் போட்டிருக்கும் எண்

கடைக்காரர் முதலில் காட்டுவது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வேகத்தைத்தான். அது மூன்று நான்கு படிகளில் அமையும். சாட்டா இணைப்பு என்றால் நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட். அந்தக் கம்பி வழியின் உச்சமே அவ்வளவுதான். என்.வி.எம்.இ. என்பது ஃபிளாஷ் சில்லுக்கென்றே வகுத்து 2011-இல் வெளியான நெறிமுறை. அது பி.சி.ஐ.இ. பாதையில் ஓடும். அப்பாதையின் மூன்றாம் தலைமுறையில் நொடிக்கு 3,500 மெகாபைட் வரை, நான்காம் தலைமுறையில் 7,000 வரை, ஐந்தாம் தலைமுறையில் 10,000-க்கும் மேல்.

எண்களைப் பார்த்தால் ஒன்றைவிட ஒன்று இருமடங்கு. ஆனால் இது எந்த வேகம்? ஒரே பெரிய கோப்பை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை வரிசையாகப் படிக்கும் வேகம். லாரியிலிருந்து ஐந்நூறு மூட்டையை வரிசையாக இறக்குவது மாதிரி. கடையில் நாள் முழுக்க நடப்பது அதுவா? காலையிலிருந்து ராத்திரி வரை ஒரு கிலோ, அரைக் கிலோ, இரண்டு கிலோ என்று சில்லறை வியாபாரம்தானே!

கணிப்பொறியும் அப்படித்தான். விண்டோஸ் எழும்போதும், ஒரு மென்பொருள் திறக்கும்போதும், ஆயிரம் படங்களின் சிறு உருவங்கள் திரையில் வரும்போதும் நடப்பவை ஆயிரக்கணக்கான சில்லறைத் தேடல்கள். இதை அளக்க 4கே ரேண்டம் என்று ஒரு அளவு இருக்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் மார்க் என்ற இலவச மென்பொருள் காட்டும். ஒரு நேரத்தில் ஒரே தேடல் என்ற கணக்கில் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு அரை மெகாபைட்டைத் தாண்டுவதே அரிது. சாட்டா எஸ்.எஸ்.டி. 30 முதல் 40. மூன்றாம் தலைமுறையின் நல்ல என்.வி.எம்.இ. 50 முதல் 60. நான்காம் தலைமுறையின் சிறந்தவை 80-ஐ ஒட்டி. பெட்டி எண் 550-இலிருந்து 7,000 வரை பன்னிரண்டு மடங்கு ஏறுகிறது. சில்லறை வேகமோ இரண்டு, இரண்டரை மடங்குதான் ஏறுகிறது. ஐந்தாம் தலைமுறைக்கு அதிகப் பணம் கொடுத்தவர் வீட்டில் விண்டோஸ் திறக்கும் நேரம் ஓரிரு நொடிதான் குறைகிறது என்றால் காரணம் இதுவே. நாள்தோறும் பெரிய வீடியோக் கோப்புகளை வெட்டி ஒட்டித் தொழில் செய்பவருக்கு அந்தப் பெரிய எண் பயன்படும். மற்றவருக்கு அது பெட்டியின் அழகு.

கணக்குப்பிள்ளையும் பேரேடும்

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எஸ்.எஸ்.டி.யை ஓர் அரிசி மண்டியாக எண்ணிக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் சில்லுகள்தாம் கிடங்கு. கன்ட்ரோலர் என்ற சில்லுதான் கணக்குப்பிள்ளை. எந்த மூட்டை எந்த அறையில் கிடக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அதற்கு ஒரு பேரேடு வைத்திருப்பார். நல்ல எஸ்.எஸ்.டி.களில் இந்தப் பேரேட்டை விரித்து வைக்க டிராம் என்ற தனி நினைவகம் இருக்கும். விலை குறைந்தவற்றில் அது இருக்காது. என்.வி.எம்.இ. வகையில் டிராம் இல்லாவிட்டாலும் கணிப்பொறியின் ரேமில் ஒரு மூலையை இரவல் வாங்கிச் சமாளிக்கும் வசதி உண்டு. வீட்டு உபயோகத்துக்கு அது போதும். டிராம் இல்லாத சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு அந்த இரவலும் கிடையாது. பேரேட்டைப் புரட்ட ஒவ்வொரு தடவையும் கிடங்குக்கு நடக்க வேண்டும். அதில் விண்டோஸை ஏற்றுவதைத் தவிர்ப்பது நல்லது.

அடுத்தது அறையின் தன்மை. ஓர் அறையில் ஒரு பிட் வைத்தால் எஸ்.எல்.சி., இரண்டு எம்.எல்.சி., மூன்று டி.எல்.சி., நான்கு கியூ.எல்.சி. கியூ.எல்.சி. அறையில் மின்னூட்டத்தின் 16 நிலைகளைப் பிரித்தறிய வேண்டும், டி.எல்.சி.யில் 8 போதும். நிலைகள் கூடக் கூட எழுதுவது மெதுவாகும், ஆயுளும் குறையும். விலை மட்டும் மலியும்.

மெதுவாக எழுதும் குறையை மறைக்க ஒரு தந்திரம் இருக்கிறது. கிடங்கின் ஒரு பகுதியைத் திண்ணை மாதிரி ஒதுக்கி, அறைக்கு ஒரு பிட் என்று வேகமாக இறக்கிவிட்டு, ஓய்வு நேரத்தில் உள்ளே அடுக்குவார் கணக்குப்பிள்ளை. திண்ணை காலியாக இருக்கும்வரை வேகம் அபாரம். நூறு, இருநூறு கிகாபைட்டை ஒரே மூச்சில் நகல் எடுத்தால் திண்ணை நிறைந்துவிடும். அப்புறம் நல்ல டி.எல்.சி. வகை ஓரளவு தாக்குப்பிடிக்கும், சில கியூ.எல்.சி. வகைகள் ஹார்ட் டிஸ்க்கின் வேகத்துக்கு இறங்கிவிடும். கொள்ளளவு நிரம்ப நிரம்பத் திண்ணையும் சுருங்கும். ஆகவே 15, 20 விழுக்காடு இடத்தை எப்போதும் காலியாக விடுங்கள்.

பொருத்தும் இடம்

வேகமானதை வாங்கிட்டு வந்து, மதர்போர்டில் பொருந்தவில்லை என்று திரும்பப் போகிறவர்கள் உண்டு. எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயரன்று. 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். அதே வடிவில் சாட்டா வகையும் உண்டு, என்.வி.எம்.இ. வகையும் உண்டு. எம்.2 பொருத்துவாய் எதை ஏற்கும் என்று மதர்போர்டின் கையேட்டைப் பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போகவும். நான்காம் தலைமுறை எஸ்.எஸ்.டி.யை மூன்றாம் தலைமுறைப் பொருத்துவாயில் மாட்டலாம். மூன்றாம் தலைமுறை வேகத்தில் ஓடும். சில மதர்போர்டுகளில் இரண்டாவது எம்.2 பொருத்துவாயைப் பயன்படுத்தினால் சாட்டா இணைப்பு ஒன்றிரண்டு செயலிழக்கும். இதுவும் கையேட்டில்தான் இருக்கும். வேகமான வகை சூடாகும். சூடு மிகுந்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மதர்போர்டோடு வரும் வெப்பத் தகட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு மாட்டவும்.

ஆயுட்கணக்கு

"எழுத எழுதத் தேயுமாமே?" என்று பலர் கேட்கிறார்கள். தேயும், உண்மைதான். எவ்வளவு எழுதலாம் என்பதை நிறுவனமே டி.பி.டபிள்யூ. என்று அறிவிக்கும். ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள நல்ல டி.எல்.சி. வகைக்கு 600 டெராபைட், ஐந்தாண்டு உத்தரவாதம் என்பது வழக்கம். வகுத்துப் பாருங்கள்: ஐந்தாண்டுக்குத் தினம் 328 கிகாபைட். வீட்டில் தினம் 30 கிகாபைட் எழுதுவதே அதிகம். அந்தக் கணக்கில் ஐம்பது ஆண்டுக்கு மேல் வரும். கியூ.எல்.சி.யில் 200 டெராபைட் என்று போட்டிருந்தாலும் வீட்டுக்குப் பஞ்சமில்லை. எழுதித் தேய்ந்து போவதைவிட வேறு கோளாறால் சாவதுதான் அதிகம்.

கடையில் கேட்க வேண்டியவை

1. டி.எல்.சி.யா, கியூ.எல்.சி.யா? பெட்டியில் இல்லாவிட்டால் நிறுவனத்தின் விவரத்தாளைக் கேட்கவும்.

2. சாட்டா வகை என்றால் டிராம் உண்டா?

3. உத்தரவாதம் மூன்றாண்டா, ஐந்தாண்டா? இந்திய உத்தரவாதம்தானா? ஜி.எஸ்.டி. ரசீது இல்லாமல் வாங்க வேண்டாம்.

4. பழைய விமர்சனத்தை மட்டும் நம்ப வேண்டாம். 2021-இல் பெயர்பெற்ற நிறுவனங்களே பெயரை மாற்றாமல் உள்ளே இருக்கும் சில்லை மாற்றி விற்றது வெளிவந்தது. அண்மைய விமர்சனத்தைப் பாருங்கள்.

5. நம்ப முடியாத விலைக்கு நம்ப முடியாத கொள்ளளவு என்றால் போலி என்றே கொள்க. 64 கிகாபைட் சில்லை வைத்து 2 டெராபைட் என்று காட்டும் பொருள்கள் சந்தையில் உலவுகின்றன. முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். அதற்கு எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

விலை நிலையானதன்று. 2023-இல் ஃபிளாஷ் விலை வெகுவாகச் சரிந்தது. 2025-இன் கடைசியில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவையால் கடுமையாக ஏறியது. அரிசிக்கு விலை பார்ப்பதுபோல் இதற்கும் இரண்டு வாரம் விலை பார்த்து வாங்குவது நலம்.

வேகம் வேறு, காப்பு வேறு

இத்தனையும் சொன்னது இதைச் சொல்வதற்குத்தான். எஸ்.எஸ்.டி. வேலை செய்யும் மேசை. பொருளைப் பூட்டி வைக்கும் பெட்டகமன்று. ஹார்ட் டிஸ்க் கெடுமுன் பெரும்பாலும் கடகட என்று சத்தமிட்டு எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. நேற்று வரை நன்றாக இருந்து இன்று காலை கணிப்பொறியின் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். அழித்த கோப்பின் அறைகளை டிரிம் என்ற கட்டளை காலி செய்துவிடுவதால், தவறி அழித்ததை மீட்பதும் ஏறக்குறைய இயலாது. மின்சாரமின்றிக் கிடந்தால் சிறைப்பட்ட மின்னூட்டம் மெல்லக் கசியும். டி.பி.டபிள்யூ. முழுவதையும் எழுதித் தீர்த்த எஸ்.எஸ்.டி. 30 பாகை வெப்பத்தில் மின்சாரமின்றி ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதே ஜெடெக் அமைப்பின் தரவிதி. புதியது அதைவிட நெடுங்காலம் காக்கும் என்றாலும், பரணில் பத்து வருஷம் போட்டு வைக்கத் தக்க பொருளன்று அது.

என்னிடமுள்ள கல்வெட்டுப் படங்களும் ஏட்டு நகல்களும் ஒரு டெராபைட்டைத் தாண்டும். அவற்றுள் சில ஏடுகளின் மூலம் இன்று இல்லை, செல்லரித்துப் போயின. ஆகவே வேலைக்கு எஸ்.எஸ்.டி.; காப்புக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க். அவற்றில் ஒன்று வீட்டில், மற்றொன்று ஊரில் தம்பி வீட்டில். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து, படித்துப் பார்த்து, புதுப்பிக்கிறேன். இதற்கு ஆகும் செலவு, வேகமான எஸ்.எஸ்.டி.க்கும் நடுத்தர எஸ்.எஸ்.டி.க்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு அடங்கிவிடும்.

சமணர் போற்றும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பே என்னும் அம்மையார், பொன்னரின் சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எடுக்கச் செய்து வழங்கினார் என்பர். ஓலை அழியும் என்று தெரிந்தவர்கள் ஓலையின் தரத்தோடு நில்லாமல் படியின் எண்ணிக்கையையும் நம்பினார்கள். சில்லுக்கும் அதே விதிதான்.

சுருங்கச் சொன்னால்: பழைய கணிப்பொறிக்கு டிராம் உள்ள சாட்டா, புதியதற்கு, மதர்போர்டு ஏற்கும் தலைமுறையில் ஒரு டெராபைட் டி.எல்.சி. என்.வி.எம்.இ.; அதற்கு மேல் கையில் மிஞ்சும் காசில் காப்புக்கு ஒரு ஹார்ட் டிஸ்க். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. இது வீட்டில் போடுவது, அளந்தே போடுவோம்.