கொம்புக்கு மருதாணி இட்டது யார்?

அமெரிக்காவில், வயோமிங் மாநிலத்தில் ஜாக்ஸன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஊர் நடுவே ஒரு பூங்கா. அதன் நான்கு மூலைகளிலும் நான்கு தோரண வாயில்கள். கல்லாலோ மரத்தாலோ ஆனவை அல்ல அவை. முழுக்க முழுக்க மான் கொம்புகளைப் பின்னிக் கட்டியவை! முதல் வாயிலை 1953-ம் ஆண்டில் எழுப்பினார்கள்.

இத்தனை கொம்புகளுக்கு எங்கே போவது என்று மலைக்காதீர்கள். ஊரை ஒட்டியே எல்க் என்னும் பெரிய மான்களுக்கான தேசிய சரணாலயம் இருக்கிறது. குளிர் காலத்தில் ஆயிரக் கணக்கான எல்க்குகள் மலையிலிருந்து இறங்கி அங்கே வந்து தங்கும். அவை உதிர்த்துவிட்டுப் போகும் கொம்புகளைச் சாரணச் சிறுவர்கள் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். 1968 முதல் மே மாதந்தோறும் அவற்றை ஏலம் விடுகிறார்கள். வசூலில் பெரும் பங்கு சரணாலயத்துக்கே திரும்புகிறது.

ஏலம் கேட்க வருகிறவர்கள் முக்கியமாகக் கவனிப்பது கொம்பின் நிறத்தை! ஒன்று காப்பிக் கொட்டை நிறம். ஒன்று தேன் நிறம். மற்றொன்று சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளை. பழுப்பு மாறாத கொம்புக்கு நல்ல விலை. வெளிறி வெடித்ததைக் கேட்பவர் குறைவு.

ஒரே ஜாதி மானுக்கு ஏன் இத்தனை நிறங்கள்?

முதலில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். மான் கொம்பு மாட்டுக் கொம்பைப் போன்றதல்ல. மாட்டுக் கொம்பின் மேலுறை நம் நகத்தைப் போன்ற பொருள். ஒரு முறை முளைத்தால் ஆயுள் முழுவதும் இருக்கும். மான் கொம்போ அசல் எலும்பு! ஆண்டுதோறும் விழுந்து, ஆண்டுதோறும் முளைக்கும்.

வசந்த காலத்தில் ஆண் எல்க்கின் தலையில் இரண்டு மொட்டுகள் கிளம்புகின்றன. அவற்றைப் பட்டுப் போன்ற மெல்லிய ரோமத் தோல் மூடியிருக்கும். அந்தத் தோலில் ஓடும் ரத்தந்தான் கொம்புக்கு ஆகாரம். கோடையில் நாளொன்றுக்கு ஓர் அங்குலம் வரைகூட வளருவதுண்டு. ஆகஸ்டு மாதம் வந்ததும் ரத்த ஓட்டம் நின்று, தோல் காய்ந்து, நார் நாராகத் தொங்குகிறது. மான் மரங்களில் உரசி அதைக் கிழித்து எறிகிறது.

அப்போது உள்ளேயிருந்து வெளிவரும் கொம்பு என்ன நிறம் தெரியுமா? வெள்ளை! ஆங்காங்கே ரத்தக் கறை இருக்கலாம். மற்றபடி எலும்புக்கு உரிய வெள்ளைதான்.

அந்த ரத்தம் காய்ந்துதான் கொம்பு பழுப்பாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் ஒரு சிறு பங்கு உண்டு. ஆனால் ரத்தமே முழுக் காரணம் என்றால் எல்லாக் கொம்புகளும் ஒரே நிறமாக அல்லவா இருக்க வேண்டும்? உரசுவதற்கு மரமோ புதரோ இல்லாத பட்டியில் வளரும் எல்க்கைப் பாருங்கள். அதற்கும் தோல் உரிகிறது, ரத்தம் கசிகிறது. ஆனாலும் கொம்பு வெளிறியே நிற்கிறது!

உண்மையான சாயக்காரர் மரந்தான். வாழைப்பூ ஆய்ந்த கையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பூவின் சாறு கறுப்பல்ல. காற்றுப் பட்டதும் விரல் கறுத்துவிடுகிறது. இங்கேயும் அதே கதைதான். தோல் உரிந்த பிறகும் எல்க் வாரக்கணக்கில் மரங்களோடு மல்லுக்கு நிற்கிறது. செப்டம்பர் மாதம் அதற்கு இணை சேரும் பருவம். பட்டையைப் பிய்க்கும், கிளையை முறிக்கும், சேற்றில் புரண்டு மண்ணைக் கொம்பால் குத்திக் கிளறும். மரத்தின் சாறும் பிசினும் சேறும் கொம்பின் நுண்ணிய துளைகளிலும் பள்ளங்களிலும் ஊறி, காற்றுப் பட்டுப் பழுக்கின்றன. மருதாணி அதிக நேரம் இருந்தால் அதிகம் சிவப்பதுபோல், உரசல் அதிகமானால் கறுப்பும் அதிகம்.

மரமும் முக்கியம். பிசின் நிறைந்த பைன் காட்டில் திரிந்த மானுக்குக் கரும்பழுப்பு. மரம் குறைந்த வெட்டவெளியில் திரிந்ததற்கு இளநிறம். அடிப்பகுதி கரடுமுரடாக இருப்பதால் அங்கே சாயம் நன்றாகப் பிடிக்கிறது. நுனிகள் ஓயாமல் தேய்வதால் தந்தம்போல் பளபளக்கின்றன. கொம்பைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் நிறமெல்லாம் மேலோடு சரி, உள்ளே வெள்ளை!

இன்னொரு சாட்சி வேண்டுமா? தோல் உரியும் முன்பே வேட்டையாடிய மானின் கொம்பை மனிதர்கள் உரித்தால் அது வெளுப்பாக இருக்கும். அதைப் பழுப்பாக்க, பாடம் செய்பவர்கள் பெர்மாங்கனேட் கரைசலைப் பூசுவதுண்டு. ஆமாம், கிணற்று நீரைச் சுத்தம் செய்யப் போடும் அதே பொருள்தான்!

மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொம்பு விழுகிறது. விழுந்த கொம்பை வெயிலும் பனியும் மெல்ல மெல்ல வெளுக்கச் செய்கின்றன. இங்கேதான் ஆபத்து ஆரம்பம். நிறம் போவதற்குள், பிறர் கைக்குப் போவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று சிலர் பனி உருகும் முன்பே காட்டுக்குள் பாய்கிறார்கள். அந்தச் சமயத்தில்தான் மான்கள் குளிரிலும் பசியிலும் எலும்பும் தோலுமாக நிற்கின்றன. பெண் மான்களோ வயிற்றில் கன்றோடு இருக்கின்றன. மனிதனைக் கண்டு மிரண்டு ஓடும் ஒவ்வோர் ஓட்டமும், மிச்சமிருக்கும் சிறிது கொழுப்பையும் கரைத்துவிடும். அது உயிருக்கே உலை.

அதனால்தான் வயோமிங்கின் மேற்குப் பகுதியில் ஜனவரி முதல் தேதியிலிருந்து மே மாதத் தொடக்கம் வரை கொம்பு பொறுக்கத் தடை விதித்திருக்கிறார்கள். பக்கத்திலுள்ள யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலோ எந்த நாளிலும் ஒரு கொம்பைக்கூட எடுத்துப் போகக் கூடாது. அங்கே அது வெளுத்துக் கிடக்கட்டும். எலிகளும் அணில்களும் சுண்ணாம்புச் சத்துக்காக அதைக் கொறிக்கக் காத்திருக்கின்றன.

உதிர்த்த மானுக்கோ கவலையில்லை. அதன் தலையில் அடுத்த மொட்டு கிளம்பிவிட்டது. இந்த வருஷம் எந்த மரம் மருதாணி இடப்போகிறதோ!