கட்டிலில் படுத்தபடி சொல்லிக் கொடுத்த உருளைக்கிழங்கு



உருளைக்கிழங்கு சமைக்கத் தெரியாத பெண் உண்டா, இதற்கு ஒரு கடிதமா என்று நினைப்பீர்கள். இது உங்களுக்காக மட்டும் எழுதியது இல்லை. படித்து முடித்ததும் உங்கள் வீட்டுக்காரர் கையிலோ, பிள்ளைகள் கையிலோ கொடுத்து விடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

2018-ல் எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. மாதா மாதம் ரத்தப்போக்கு தாங்க முடியாது. ஆபரேஷன் செய்து விடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். நான்தான், "தீபாவளி போகட்டும்", "பையன் பரீட்சை முடியட்டும்" என்று பதினோரு மாதம் தள்ளிப் போட்டேன். ஆபரேஷனுக்குப் பயந்து அல்ல. ஆறு வாரம் நான் படுத்து விட்டால் அடுப்படியை யார் பார்ப்பது என்ற கவலைதான். என் வீட்டுக்காரருக்கு வெந்நீர் போடத்தான் தெரியும். பையன் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

கடைசியில் ஒரு நாள் மாடிப்படியில் மயங்கி விழுந்தேன். ரத்தம் ஏழு கிராம்தான் இருக்கிறது என்றார்கள். ரத்தம் ஏற்றிய பிறகுதான் ஆபரேஷன். "சோறு ஆக்கறதுக்காகவா இவ்வளவு நாள் உடம்பைக் கெடுத்துக்கிட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அம்மா வந்து பத்து நாள் பார்த்துக் கொண்டார். அவர் ஊருக்குப் போனதும் ஓட்டல் சாப்பாடு. நான்காம் நாளே பையனுக்கு வயிறு கெட்டு விட்டது. "என்னங்க, கட்டிலைச் சமையல்கட்டு வாசலுக்கு நேரா போடுங்க. நான் சொல்லச் சொல்ல நீங்க செய்யுங்க" என்றேன். முதல் பாடம் உருளைக்கிழங்கு. கீரை மாதிரி ஆய வேண்டாம், வாழைப்பூ மாதிரி நரம்பு எடுக்க வேண்டாம். கொஞ்சம் கூடக் குறைய வெந்தாலும் சாப்பிட முடியும்.

வேக வைப்பது

நடுத்தரக் கிழங்கு நான்கை மண் போகக் கழுவி, தோலோடு இரண்டாக வெட்டி, மூழ்கத் தண்ணீர் விட்டு, குக்கரில் மூன்று விசில். ஆவி தானாக அடங்கியதும் திறந்து, உடனே தண்ணீரை வடித்து விட வேண்டும். அவர் வடிக்க மறந்து அரை மணி நேரம் விட்டதில் கிழங்கு சொதசொதவென்று ஆகி விட்டது. மறுநாள் வடித்தார். ஆனால் சூட்டோடு போட்டு மசித்ததில் களி மாதிரி கொழகொழத்துப் போனது. மூன்றாம் நாள்தான், நன்றாக ஆற விட்டு, தோல் உரித்து, கையால் உதிர்த்தார். பூவாக உதிர்ந்தது.

பொடிமாஸ்

உதிர்த்த கிழங்கு இருந்தால் ஐந்தே நிமிஷம். இரண்டு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு தாளித்து, பச்சை மிளகாய் இரண்டு, இஞ்சி ஒரு துண்டு, கறிவேப்பிலை, பெருங்காயம், துளி மஞ்சள் தூள் போட்டு வதக்கி, கிழங்கையும் உப்பையும் சேர்த்து ஒரு புரட்டு. இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசந்து விடும்.

பூரி மசால்

அதே தாளிப்பில் இரண்டு பெரிய வெங்காயத்தை நீளவாக்கில் நறுக்கி வதக்கி, ஒன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு, மஞ்சள் தூள், உப்பு, மசித்த கிழங்கு சேர்த்துக் கொதிக்க விடணும். ஒரு ஸ்பூன் கடலை மாவைக் கால் டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, பச்சை வாசனை போகக் கொதித்தால் மசால் ரெடி. சப்பாத்தி, தோசை எல்லாவற்றுக்கும் ஆகும்.

காரக் கறி

இதற்கு வேக வைக்க வேண்டாம். தோல் சீவி, சின்னச் சதுரமாக நறுக்கி, இரண்டு தரம் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி எடுக்கணும். மாவுச்சத்து போனால்தான் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. அகலமான இரும்புச் சட்டியில் மூன்று ஸ்பூன் எண்ணெய், கடுகு, கிழங்கு, உப்பு. சிறு தீயில் பத்து நிமிஷம் மூடி, பிறகு திறந்து வைத்து மொறுமொறுப்பாக வரும் வரை அவ்வப்போது திருப்பினால் போதும். மிளகாய்த் தூளைக் கடைசியில்தான் போடணும். முதலில் போட்டால் கருகும். என் வீட்டுக்காரர் நிமிஷத்துக்கு ஒரு தரம் கிளறி உடைத்து விட்டார். "கரண்டியைக் கீழ வைங்க" என்று நான் கத்தியது அடுத்த வீட்டுக்கே கேட்டதாம்!

சாம்பாரில் போடும்போது

ஒரு நாள் சாம்பாரில் கிழங்கு முக்கால் மணி நேரம் கொதித்தும் கல்லாகவே இருந்தது. விசாரித்தால், புளித்தண்ணீரில் பச்சைக் கிழங்கைப் போட்டிருக்கிறார். புளிப்பு பட்டால் கிழங்கு சீக்கிரம் வேகாது. முதலில் வெறும் தண்ணீரில் வேக வைத்து, அப்புறம்தான் புளி. தக்காளிக்கும் இதே கதைதான்.

கிழங்கு பார்த்து வாங்குவது

நாங்கள் கோவைப் பக்கம். நீலகிரியில் விளையும் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு வந்துதான் ஏலம் போகிறது. அதனால் மண் ஒட்டிய ஊட்டிக் கிழங்கு எங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும். எந்த ஊர்க் கிழங்கானாலும் அழுத்தினால் கெட்டியாக இருக்கணும்.

ஒரு நாள் பையன் நறுக்க எடுத்த கிழங்கு பச்சை பாரித்திருந்தது. "கண்ணு, அதைத் தூக்கிப் போடு" என்றேன். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கிலும், முளையிலும் சோலனின் என்ற நச்சு சேர்ந்திருக்கும். வேக வைத்தாலும் அது முழுதாகப் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். நிறையப் பச்சை, கசப்பு, சுருக்கம் இருந்தால் காசு போனாலும் குப்பைக்குத்தான். கிழங்கைக் காற்றாடும் கூடையில், இருட்டான மூலையில் வையுங்கள். வெங்காயத்தோடு சேர்த்து வைக்க வேண்டாம், சீக்கிரம் கெட்டு விடும்.

சர்க்கரை உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் கிழங்கு வைக்கிற அன்று சோற்றைக் குறைத்து, கூடவே கீரையோ வெள்ளரிக்காயோ வைத்துக் கொள்ளலாம். என் அம்மா அப்படித்தான் சாப்பிடுகிறார்.

ஆறு வாரம் முடிந்து நான் எழுந்தபோது, வீட்டில் இரண்டு சமையல்காரர்கள் இருந்தார்கள். உருளைக்கிழங்கில் தொடங்கி ரசம், பொரியல், சாதம் வரை வந்து விட்டார்கள். இன்றும் ஞாயிற்றுக்கிழமை பூரி மசால் வீட்டுக்காரர் பொறுப்பு. பையன் இப்போது வெளியூரில் கல்லூரி. சிநேகிதர்களோடு ரூம் எடுத்துத் தங்கி, "அம்மா, இன்னிக்கு என்னோட பொடிமாஸ்தான்" என்று போன் செய்கிறான்.

சகோதரிகளே, நான் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்பதை ஒரு காலத்தில் பெருமையாகத்தான் நினைத்தேன். அந்தப் பெருமைக்குப் பதினோரு மாதம் ரத்தத்தைக் கொடுத்தேன். டாக்டர் சொன்ன வைத்தியத்தைச் சமையலுக்காகத் தள்ளிப் போடாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு உருளைக்கிழங்கை அவர்கள் கையில் கொடுத்து விட்டு, நீங்கள் நாற்காலி போட்டு உட்காருங்கள். முதல் நாள் களிதான் கிடைக்கும். பரவாயில்லை, சாப்பிடுங்கள்!

– ஒரு வாசகி, கோவை.