நாக்குக்கு அடியில் மருந்து: ரத்தக் கொதிப்பைத் திடீரென்று இறக்கலாமா?

அறுவடைக் காலம். திருவையாறு பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை மும்முரத்தில் வீட்டுப் பெரியவர் 10 நாட்களாக மாத்திரை போடவில்லை. ரத்தக் கொதிப்பு பார்த்தால் 200-க்கு 120!

வீடே கலங்குகிறது. மகன் மருந்துக் கடைக்கு ஓடுகிறான். "சட்டென்று இறங்குகிற மாதிரி ஏதாவது கொடுங்கண்ணே!" என்று கேட்கிறான்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஒரு காலத்தின் அதிசய மருந்து

ஜெர்மனியில் பேயர் கம்பெனி கண்டுபிடித்த மருந்து நிபெடிபின். 1975-ல் விற்பனைக்கு வந்தது. அதன் கூட்டுக்குள் திரவம் இருக்கும். கூட்டை ஊசியால் குத்தி, நாக்குக்கு அடியில் பிழிவார்கள். அரை மணிக்குள் கொதிப்பு மளமளவென்று இறங்கும். பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் இது வழக்கமாக இருந்தது.

பிறகு கெட்ட செய்திகள் வந்தன. சிலருக்குப் பக்கவாதம் வந்தது. சிலருக்கு மாரடைப்பு. சிலர் இறந்தே போனார்கள். இந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று 1996-ல் அமெரிக்க மருத்துவச் சங்கப் பத்திரிகையில் டாக்டர்கள் எழுதினார்கள்.

கடைமடை காய்ந்துவிடும்

இறங்கினால் நல்லதுதானே, ஏன் ஆபத்து?

கல்லணையில் மதகைத் திடீரென்று அடைத்தால் எந்த வயல் முதலில் காயும்? கடைமடை வயல்தான். தஞ்சை விவசாயிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

உடம்பிலும் அப்படித்தான். பல வருஷம் கொதிப்பு இருந்தவரின் மூளை, அந்த உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிவிடுகிறது. அழுத்தம் திடீரென்று விழுந்தால் மூளைக்குப் போதிய ரத்தம் எட்டாது. இதயத்துக்கும் அதே கதிதான்.

எது அவசரம்?

எண் 180-க்கு 120-ஐ எட்டிவிட்டது. அதோடு கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் அவசரம்:

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் விழுதல், பார்வை மங்குதல், வலிப்பு, நினைவு தடுமாறுதல், வாந்தியோடு கடுமையான தலைவலி.

உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக மருந்தை அளந்து ஏற்றுவார்கள். அங்கேகூட, பெரும்பாலும், முதல் ஒரு மணி நேரத்தில் கால் பங்குக்கு மேல் இறக்கமாட்டார்கள். ரத்தம் உறைந்து வந்த பக்கவாதமாக இருந்தால், கொதிப்பைச் சில நாள் உயரவே விட்டுவைப்பதும் உண்டு. உறைந்ததா, கசிந்ததா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

எண் மட்டும் அதிகம், வேறு தொல்லை இல்லை என்றால்?

பெரியவரை உட்கார வையுங்கள். 5 நிமிஷம் பேசாமல் இருக்கட்டும். கையை நெஞ்சு உயரத்தில் தாங்கி வைத்து, மறுபடி பாருங்கள். பல பேருக்கு எண் இறங்கியிருக்கும். விட்டுப்போன மாத்திரைக்காக இரட்டிப்பாகப் போட வேண்டாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அவர் சில நாட்களில் மெல்ல இறக்குவார்.

கர்ப்பிணிகள் கதை வேறு

கர்ப்பிணிக்கு 160-க்கு 110 வந்தாலே அவசரம். தொல்லை எதுவும் தெரியாவிட்டாலும் தாமதிக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வலிப்பு வந்தால் தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து.

இவர்களுக்கு வேகமாக வேலை செய்யும் மருந்து தேவை. அதே நிபெடிபின் இங்கே கைகொடுக்கிறது! ஆனால் நாக்குக்கு அடியில் பிழிவதில்லை. டாக்டர் பக்கத்தில் இருக்க, விழுங்கச் செய்கிறார்கள்.

நாகபுரியில் 2 அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 894 கர்ப்பிணிகளிடம் 3 மருந்துகளைச் சோதித்தார்கள். முடிவு 2019-ல் வெளியாயிற்று. நிபெடிபின் விழுங்கியவர்களில் 100-க்கு 84 பேருக்கு, கெடுதல் இல்லாமல், 6 மணி நேரத்துக்குள் கொதிப்பு கட்டுக்குள் வந்தது.

மருந்து ஒன்றுதான். ஆளும், அளவும், இடமும்தான் வேறு.

தினம் ஒரு மாத்திரை

திடீர்க் கொதிப்புக்குப் பெரிய காரணம், மாத்திரையை நிறுத்துவதுதான். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது!" என்று நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை போடுவதால்தான் நன்றாக இருக்கிறது!

வீடு தேடி மாத்திரை கொடுக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

உப்பு, ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். அது ஒரு தேக்கரண்டி அளவு. ஊறுகாய், கருவாடு, அப்பளம், வடகத்தில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.