வறண்ட மாதங்களின் கணக்கு

2024 நவம்பர் 30-ஆம் தேதி கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், ஒரே நாளில் ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் மழையைப் புதுச்சேரியின் மீது கொட்டித் தீர்த்ததிலிருந்து, மாறிவரும் சீதோஷ்ணத்தைத் தாங்கி வாழ இந்நகரை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்ற கேள்வி பலர் நெஞ்சிலும் குடிகொண்டிருக்கிறது. அப்பணியில் தம் வாழ்நாளைச் செலவிட விரும்பும் இளைஞர்களுக்கு, இவ்வூர்ச் செயின்ட் லூயி வீதியிலேயே ஓர் அரிய முன்மாதிரி உண்டு.

பிரான்ஸ் தன் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்த மறு ஆண்டு, 1955-இல், அங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தோன்றியது. தூலூஸ் நகரப் பேராசிரியர் ஆன்ரி கோசனின் வழிகாட்டுதலில், பியேர் லெக்ரி முதலிய தாவர சாஸ்திரிகள், பத்துக் கிலோமீட்டர் நிலம் ஒரு சென்டிமீட்டராகச் சுருங்கும் அளவில் தென்னாட்டுத் தாவரங்களை வரைபடமாக்கினர். 1961-இல் கன்னியாகுமரிப் பிரதேசத்தின் படம் வெளியாயிற்று. இன்ன காடு இன்ன இடத்தில் இருக்கிறது என்று குறிப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அது அங்கே நிலைத்திருக்கக் காரணம் யாது என்று ஆராயப் புகுந்ததும், மழையும் வெயிலும் தாமாகவே கணக்கில் வந்து சேர்ந்தன. கோசன் வகுத்த விதி எளியது: ஒரு மாதத்தின் மழை, மில்லிமீட்டர்க் கணக்கில், அம்மாதத்துச் சராசரி வெப்பத்தின் இரு மடங்கை எட்டாவிட்டால் அது வறண்ட மாதம். சராசரி வெப்பம் 30 பாகையாக உள்ள மாதத்திற்கு 60 மில்லிமீட்டர் மழையேனும் வேண்டும். இவ்விதிப்படி பார்த்தால் புதுச்சேரியில் ஏறக்குறைய அரையாண்டு வறட்சியே. அப்படியிருந்தும், நகருக்கு அருகேயுள்ள கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிற்காடு போன்ற இடங்களில் விருட்சங்கள் ஆண்டு முழுதும் பசுமை மாறாமல் நிற்கின்றன!

இந்த விந்தையை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் அந்நிறுவனத்தின் வி. எம். மெஹர்-ஹோம்ஜி. தாவரங்களின் பரவலை ஆராய்ந்த அவர், காடு அழிந்தால் மழைக்கு என்ன நேரும் என்ற வினாவிற்கு வந்து சேர்ந்தார். மேற்குக் கர்நாடகத்தின் பழைய மழைப் பதிவுகளைப் புரட்டி, மொத்த மழையை மட்டுமன்றி மழைநாட்களின் எண்ணிக்கையையும் சிரத்தையுடன் ஒப்பிட்டு, 1980-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1991-இல் அதே பொருளை மேலும் விரித்தெழுதினார். ஆண்டு மொத்தத்தை மட்டும் நோக்குவோர்க்கு, பல நாள் பெய்ய வேண்டிய மழை சில நாளில் பெய்து ஓடிவிடுவது புலப்படாது. குடியானவனுக்கோ அதுவே வாழ்வும் தாழ்வும். அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளும் பயிற்சியை அவருக்கு அளித்தது தாவர ஆராய்ச்சியே என்பது என் திடமான அபிப்பிராயம்.

இன்று கணினி மாதிரிகளும் செயற்கைக்கோள் படங்களும் மலிந்துள்ளன, அவை வேண்டியவையே. ஆயினும், எந்த மரம் புயலில் சாயும், எது வறட்சியில் பிழைக்கும் என்பதை அறியாதவர் தீட்டும் திட்டம் ஊருக்கு உதவாது. ஆகவே, இத்துறைக்கு வர எண்ணும் மாணவர்களே, முதலில் கீழ்புத்துப்பட்டுக் காட்டுக்குச் சென்று, அங்குள்ள மரங்களின் பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள்.