மாறுகண் யோகமா? சும்மா கதை!

க்ரூப் போட்டோ எடுக்கிறப்போ பக்கவாட்டில் திரும்பியே நிற்கிற ஒரு ஃப்ரெண்ட் உங்க க்ளாஸ்லயும் இருக்கலாம். ‘நீ என்னைப் பார்க்கிறியா, அவனைப் பார்க்கிறியா?’ன்னு யாராவது கலாய்ச்சா கேன்டீனே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனா, ராத்திரி ஹாஸ்டல் கண்ணாடி முன்னாடி நிற்கிறப்போ சிரிப்பாரா?

‘மாறுகண் யோகம், கை வைக்கக் கூடாது’ன்னு வீட்டுல பெரியவங்க சொல்லுவாங்க. ‘இந்த வயசுக்கு மேல சரி பண்ண முடியாது’ன்னு பக்கத்து வீட்டுல சொல்லுவாங்க. ரெண்டுமே தப்பு பாஸ்!

தாளம் தப்பினா..?

ஒவ்வொரு கண்ணையும் அசைக்க 6 தசைகள் இருக்கு. இந்த 12 தசைகளும், நரம்புகளும், மூளையும் ஒண்ணா வேலை செய்தாத்தான் ரெண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கும். தாளம் தப்பினா ஒரு கண் மூக்குப் பக்கமோ, காதுப் பக்கமோ, மேலேயோ, கீழேயோ விலகிடும். பரம்பரை, அதிக ப்ளஸ் பவர்னு காரணங்கள் பல.

குட்டீஸ் விஷயத்தில் லேட் கூடாது

விலகின கண் அனுப்புற படத்தைக் குழந்தையோட மூளை ஒதுக்கிடும். அந்தக் கண் பார்க்கப் பழகாமலே மங்கிப்போகும். இதுதான் ‘சோம்பேறிக் கண்’. நல்லா இருக்கிற கண்ணை தினமும் சில மணி நேரம் மூடிவெச்சு, சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுக்கிறதுதான் வைத்தியம். 7 வயசுக்குள்ள ஆரம்பிச்சா பலன் அதிகம். ப்ளஸ் பவரால் வந்த மாறுகண் சிலருக்குக் கண்ணாடி போட்டாலே நேராகிடும்.

பிறந்த குழந்தைக்குக் கண் அப்பப்போ விலகுறது சகஜம். 4 மாசம் தாண்டியும் விலகினா டாக்டர்கிட்ட காட்டணும். கண்மணி வெள்ளையா தெரிஞ்சா ஒருநாள்கூட தள்ளிப்போடாதீங்க. அபூர்வமா அது கண் புற்றுநோயின் அறிகுறியாவும் இருக்கலாம். அக்கா குழந்தைக்கு ‘வளர வளர சரியாயிடும்’னு யாராவது சொன்னா, மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போக வேண்டிய ஆள் நீங்கதான்!

20 வயசு லேட்டா?

இல்லவே இல்லை. பெரியவங்களுக்கும் ஆபரேஷன் செய்யலாம். கண்ணை வெளியே எடுக்க மாட்டாங்க. கண்ணுக்கு வெளிப்புறம் இருக்கிற தசையைத் தளர்த்தியோ, இறுக்கியோ தைப்பாங்க. சிலருக்கு ரெண்டாவது தடவையும் தேவைப்படலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. சின்ன வயசுலயே மங்கின பார்வை ஆபரேஷனால் திரும்பிடாது. கண் நேராகும். எதிரே நிற்கிறவரை நேருக்கு நேர் பார்த்துப் பேசுற தைரியம் வரும்.

இது புது வைத்தியமும் இல்லை. 1839-லயே பெர்லின் டாக்டர் டீஃபென்பாக் 7 வயசுப் பையனுக்கு இந்த ஆபரேஷனைச் செய்தார். ஈதர் மயக்க மருந்து புழக்கத்துக்கு வரும் முன்னாடியே! இன்னொரு ஆச்சர்யம்... முகச் சுருக்கத்துக்குப் போடுற பொட்டாக்ஸ் ஊசி முதல்ல மாறுகண்ணுக்காக உருவானதுதான். ஆலன் ஸ்காட் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் உருவாக்கிய அந்த மருந்துக்கு 1989-ல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. அழகுக்கான அனுமதி 2002-லதான்!

ஒரு எச்சரிக்கை: நல்லா இருந்த கண் திடீர்னு விலகி, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சா உடனே மருத்துவமனைக்கு ஓடுங்க. சர்க்கரை நோய், தலைக்காயம், மூளை நரம்புப் பிரச்னைனு ஏதாவது காரணம் இருக்கலாம்.

எங்கே போறது?

1819-ல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயானு நம்ம ஊர்லயே இடங்கள் இருக்கு. ‘மாறுகண் ஸ்பெஷலிஸ்ட்’னு கேட்டுப் போங்க.

அடுத்த தடவை அந்த ஃப்ரெண்டைக் கலாய்க்கத் தோணினா, வாயை மூடிட்டு, ‘வாடா, ஒருநாள் டாக்டரைப் பார்த்துட்டு வரலாம்’னு கூப்பிடுங்க. ஃபேர்வெல் போட்டோவில் அவர் நடு வரிசையில் நிற்கட்டும்!