மரங்கொத்தியின் மண்டைக்குள் மெத்தை இருக்கிறதா?

மாணவர்களே, கேமரன் மலையில் கோலா தெர்லா போன்ற இடங்களில் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் ஓரத்தில், காலையில் ‘டக் டக்’ என்ற ஓசை கேட்டால் சற்று நில்லுங்கள். மரங்கொத்தி, அதாவது மலாய் மொழியில் ‘பெலாத்துக்’, அருகில் இருக்கலாம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுக் கொல்லையில் கொழுப்புக் கட்டியைத் தொங்கவிட்டு மரங்கொத்தியை வரவழைப்பார்கள். நம் மலையில் பட்டுப்போய் நிற்கும் மரமே அதன் தீனித் தட்டு. பட்டைக்குள் இருக்கும் புழுவும் எறும்பும்தான் அதற்கு உணவு. பச்சை உடலும் மஞ்சள் பிடரியும் தெரிந்தால் அது ஓர் இனம். செம்பழுப்பு உடலில் கருங்கோடுகளும் வெளிர்மஞ்சள் அலகும் இருந்தால் அது வேறோர் இனம்.

இவ்வளவு வேகமாக மோதியும் அதற்குத் தலை வலிக்காதா? மண்டையோட்டின் பஞ்சு போன்ற எலும்பு, மெத்தைபோல அதிர்ச்சியைத் தாங்குகிறது என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டது. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வான் வாசன்பெர்க் குழுவினர், மூன்று இன மரங்கொத்திகளை அதிவேகக் கேமராவில் படமெடுத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2022இல் வெளிவந்தது. அலகு எவ்வளவு திடீரென நின்றதோ, தலையும் அவ்வளவு திடீரென நின்றது. இடையில் மெத்தை ஏதும் இல்லை!

யோசித்துப் பாருங்கள்: சுத்தியலின் தலையில் பஞ்சைக் கட்டினால் ஆணி இறங்குமா? மரங்கொத்தியின் தலையும் ஒரு சுத்தியல்தான். அதன் மூளை மிகச் சிறியது. அதனால் மோதும்போது மூளைக்குள் உண்டாகும் அழுத்தமும் குறைவு. அதைக் காப்பது இதுவே.

நீங்களும் படமெடுக்கலாம். சில மரங்கொத்திகள் நொடிக்கு 20 முறை வரை மரத்தில் தட்டி முழக்கும். சாதாரணக் காணொளியில் நொடிக்கு 30 படங்கள். ஒரு தட்டுக்கு ஒன்றரைப் படமே கிடைக்கும். கைப்பேசியை நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவியக்கத்துக்கு மாற்றினால் 12 படங்கள் கிடைக்கும். கைப்பேசியை முக்காலியில் பொருத்துங்கள்; தொலைநோக்கி இருந்தால் அதன் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள்.

கூட்டுக்கு அருகில் போகாதீர்கள். பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். பட்டமரம் வீட்டின்மீதோ சாலையிலோ விழும் ஆபத்து இல்லையென்றால், அதை வெட்ட வேண்டாம் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அது போனால் உங்கள் மரங்கொத்திக்குத் தீனித் தட்டும் போய்விடும்.