முதலில் மாடிப்படியைப் பாருங்கள்

ஜூலை பிறந்துவிட்டால் தில்லித் தமிழர் வீடுகளில் தொலைபேசி சற்று அதிகமாகவே மணியடிக்கும். "பொண்ணுக்கு தில்லி யுனிவர்சிடியில சீட் கிடைக்கும் போலிருக்கு, எங்கே தங்க வைக்கிறது?" என்று ஊரிலிருந்து யாராவது கேட்பார்கள். சென்ற ஆண்டு கேட்டவர் என் மனைவியின் தம்பி, திருச்சிக்காரர். மகளுக்கு வடக்கு வளாகத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கிடைத்தது. "அத்தான், நீங்க ரயில்வேயில கட்டடம் பார்த்தவர். நல்ல இடமாப் பார்த்துச் சொல்லுங்க" என்றார். ஐ.ஓ.டபிள்யூ.வாக வேலையில் சேர்ந்து முப்பத்தெட்டு வருடம் ரயில்வே குவார்ட்டர்ஸ்களின் ஒழுகும் கூரையோடு மல்லுக்கட்டியவன் நான். மறுக்க முடியுமா?

எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றாள் என் மனைவி. நாங்கள் இருப்பது துவாரகாவில். ராஜீவ் சௌக்கில் வண்டி மாறி விஸ்வவித்யாலயா நிலையம் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம், திரும்பி வர அதே ஒன்றேகால். ஆய்வகம் முடிந்து ஜனவரிப் பனியில் அந்தப் பெண் வீடு வந்து சேர்வதற்குள் படிக்கத் தெம்பு ஏது?

கல்லூரி விடுதி கிடைத்தால் யோசிக்காமல் சேர்த்துவிடலாம். ஆனால் ஊரில் உள்ளவர்களுக்கு ஒரு விஷயம் புரிவதில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் கல்லூரியில் இடம் கிடைத்தால் விடுதியிலும் இடம் கிடைத்ததாக அர்த்தம் இல்லை. விடுதிக்குத் தனி விண்ணப்பம், தனிப் பட்டியல். பல கல்லூரிகளில் விடுதியே கிடையாது. இருக்கும் இடங்களிலும் கேட்பவர்கள் ஏராளம், அறைகள் சொற்பம். 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு மூலம் சேர்க்கை என்றான பிறகு, பிள்ளைகள் கடைசி நேரத்தில் பெட்டியோடு வந்து இறங்குகிறார்கள். விடுதிப் பட்டியல் வரும்வரை எங்காவது தங்கியாக வேண்டும். (ஜே.என்.யூ. கதை வேறு. அது விடுதிகளைச் சுற்றி வளர்ந்த பல்கலைக்கழகம். விடுதிகளுக்கு நதிகளின் பெயர். காவேரி உண்டு, பெரியாரும் உண்டு. தலைவர் பெயர் என்று நினைத்து நம்மவர்கள் சிலர் பூரித்துப் போவார்கள். அது கேரளத்து ஆறு!)

ஆக, முதல் வருடத்தில் பெரும்பாலோருக்கு வாய்ப்பது 'பி.ஜி.' என்ற பேயிங் கெஸ்ட் அறைதான். வடக்கு வளாகத்துக்குக் கமலா நகர், விஜய் நகர், ஹட்சன் லேன், முகர்ஜி நகர். தெற்கே வேங்கடேஸ்வரா கல்லூரிப் பக்கம் சத்ய நிகேதன். அறை பார்க்க வரும் தகப்பனார்கள் கேட்பது மூன்றே கேள்விகள். சாப்பாட்டில் சாதம் உண்டா? ஏ.சி. உண்டா? ராத்திரி கேட்டைப் பூட்டுகிறார்களா? மூன்றாவது கேள்விக்கு "பூட்டுகிறோம்" என்று பதில் வந்ததும் முகத்தில் ஒரு நிம்மதி.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். 1997இல் என் அக்கா மகனுக்கு லோக்கல் கார்டியனாகக் கையெழுத்துப் போட்டு, ஒரு வீட்டின் மூன்றாவது மாடிக்கு மேலே பர்சாத்தி அறையில் சேர்த்துவிட்டேன். வாடகை குறைவு, வீட்டுக்காரர் மரியாதைக்காரர். மறு ஜனவரியில் ஒரு விடியற்காலை கீழே மீட்டர் போர்டு பற்றிக்கொண்டது. படிக்கட்டு முழுதும் புகை, கீழே கேட்டில் பூட்டு. பையன்கள் மூவரும் பக்கத்து மொட்டைமாடிக்குத் தாவித் தப்பினார்கள். அவனுடைய ப்ளஸ் டூ சான்றிதழ்கள் கருகிப் போயின, உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. 1997 ஜூன் 13 அன்று கிரீன் பார்க் உபஹார் தியேட்டரில், கீழே கார் நிறுத்துமிடத்தில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில் பிடித்த தீயின் புகை மேலே ஏறி 59 பேர் மாண்டார்கள். அது நடந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. கட்டட வேலை பார்த்த எனக்கு அந்தப் படிக்கட்டைப் பார்க்கத் தோன்றவில்லை.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2023 ஜூன் 15 அன்று முகர்ஜி நகரில் ஒரு பயிற்சி மையக் கட்டடத்தில் தீ. மாணவர்கள் கயிற்றையும் கேபிளையும் பிடித்து ஜன்னல் வழியே இறங்கியதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று அதே முகர்ஜி நகரில் பெண்கள் தங்கும் பி.ஜி. ஒன்றில் தீ. படிக்கட்டருகே மீட்டர் போர்டில் தொடங்கி மேலே பரவியது. கட்டடத்துக்கு ஒரே படிக்கட்டு. 35 பெண்களைத் தீயணைப்புப் படையினர் மீட்டார்கள்.

இந்தக் கட்டடங்களின் சூட்சுமம் இதுதான். ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய வீட்டைத் தடுத்து இருபது, முப்பது பேரை வைக்கிறார்கள். கெய்சர் ஒன்று 2 கிலோவாட் இழுக்கும். பனிக்காலத்தில் காலை ஏழு மணிக்குப் பத்துக் குளியலறையில் பத்து கெய்சர் ஓடினால் அதற்கே 20 கிலோவாட். அறை ஹீட்டர் வேறு. மின் கட்டண ரசீதில் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். அங்கே 5, 6 என்று இருந்தால், பழைய ஒயரும் தளர்ந்த இணைப்பும் சூடேறிக்கொண்டே இருக்கும் என்று பொருள். அந்த மீட்டர்கள் எல்லாம் மாடிப்படிக்கு அடியில்தான் வரிசையாக மாட்டியிருக்கும். பற்றிக்கொண்டால் படிக்கட்டே புகைபோக்கி ஆகிவிடும். ஜன்னலில் திருடனுக்குப் பயந்து போட்ட அசையாத கம்பி. மொட்டைமாடிக் கதவில் பூட்டு.

பேஸ்மென்ட் அறையோ, பேஸ்மென்டில் படிக்கும் இடமோ வேண்டவே வேண்டாம். 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜேந்தர் நகரில் பயிற்சி மையத்தின் அடித்தளத்தில் மழைவெள்ளம் புகுந்து மூன்று பேர் இறந்தார்கள். 2022 ஏப்ரலில் சத்ய நிகேதனில் பழுதுபார்க்கும்போது இடிந்த கட்டடத்தில் இரு தொழிலாளர்கள் பலியானார்கள். சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கும் வேலை நடக்கும் வீட்டைக் கண்டால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள்.

மைத்துனருக்கு முதலில் பிடித்தது கமலா நகரில் ஓர் இடம். சமையல்காரர் சேலத்துக்காரர், காலையில் இட்லி. நான் நேரே மொட்டைமாடிக்குப் போனேன். பூட்டு. சாவி வீட்டுக்காரரிடம், வீட்டுக்காரர் இருப்பதோ ரோகிணியில். "வேண்டாம்" என்றேன். "சாப்பாடு நல்லா இருக்கு அத்தான், பொண்ணு இளைச்சுப் போயிடுவா" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். அன்று மதியம் என்னோடு பேசவில்லை. அந்தப் பெண்தான் சாதுரியமாக, "மாமா சொல்றதையும் ஒரு தடவை பார்த்துடலாம்ப்பா" என்றாள்.

ஏழு இடம் ஏறி இறங்கினோம். என் முழங்கால் அதற்குச் சாட்சி. எட்டாவதாக விஜய் நகரில் கிடைத்தது. முதல் மாடி, பின்பக்கம் இரும்புப் படி, மீட்டர்கள் வெளிச்சுவரில். விதவை அம்மாள் ஒருவர் கீழேயே குடியிருக்கிறார். கேட்டை ராத்திரி பூட்டுகிறார். ஒரு சாவி பெண்களிடமும் இருக்கிறது. இதில் மைத்துனருக்குக் கொஞ்சம் மனக்குறை. விடுதிகளில் மாணவிகளை இரவில் அடைத்து வைப்பதை எதிர்த்து 2015இல் 'பிஞ்ச்ரா தோட்' என்று பெண்கள் போராடினார்களே, அதில் எனக்கு அப்போது உடன்பாடு இல்லை. ஆனால் பூட்டிய கேட்டின் உள்பக்கம் சாவி இருக்க வேண்டும் என்ற அளவில் இன்று நான் அவர்கள் கட்சி.

போலீஸ் வெரிஃபிகேஷன் படிவத்தில் இம்முறையும் லோக்கல் கார்டியன் நான்தான். கையெழுத்துப் போடுமுன் பின்பக்கப் படியில் ஒருதரம் இறங்கிப் பார்த்தேன். ஒரு படி ஆடியது. அதற்கு வெல்டிங் வைத்த பிறகு கையெழுத்திட்டேன். சாப்பாடு என்னவோ ரொட்டியும் ராஜ்மாவும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சாம்பாருக்கு துவாரகா வந்துவிடுகிறாள்.